மரநாயுடன் எப்போதும்வென்றான் போய்த் திரும்பிய கதை

இந்த வலைப்பூவில் இதுவரை நான் எழுதியவை எல்லாம் கோயில், அருவி, கடற்கரை என்று மனுஷர்கள் போய் வருகிற இடங்கள். இது கொஞ்சம் வேறு மாதிரியான பயணம். போன சித்திரையில் ஒரு சனிக்கிழமை, இரும்புக் கூண்டுக்குள் ஒரு மரநாயை வைத்துக்கொண்டு கோவில்பட்டியிலிருந்து கிளம்பினேன். எப்போதும்வென்றானுக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் கொண்டுபோய் அதை விட்டுவிட்டு வருவதாகத் திட்டம். போன காரியம் நடக்கவில்லை. குரங்கு, பாம்பு, மரநாய் என்று எதையாவது பிடித்து எங்கேயாவது கொண்டு விடலாம் என்று நீங்களும் யோசித்துக்கொண்டிருந்தால், கிளம்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

முதலில் மரநாயைப் பற்றி. பெயரில்தான் நாய். பூனையைவிடக் கொஞ்சம் நீளமாக, கூர்மூக்கோடு, கறுப்பும் சாம்பலுமாக இருக்கும். பனங்காட்டுப் பிராணி என்பார்கள். ஆனால் ஓட்டு வீடும் வேப்பமரமும் இருக்கிற டவுன் தெருக்களிலும் அது நெடுங்காலமாகக் குடியிருக்கிறது. ராத்திரியில் மதில்மேல் நடக்கும், பகலில் மச்சில் தூங்கும். நம்மில் பாதிப் பேர் அதைக் கண்ணால் பார்த்திருக்கவே மாட்டோம். மச்சில் சத்தம் கேட்டால் எலி என்று திட்டிவிட்டுப் புரண்டு படுத்துக்கொள்வோம்.

நாங்கள் வாடகைக்கு இருப்பது பழைய ஓட்டு வீடு. முன்னறையில் என்னுடைய டி.டி.பி. சென்டர். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ் எல்லாம் அடித்துக் கொடுப்பேன், ஓய்ந்த நேரத்தில் இந்த வலைப்பூ. பின்கட்டில் வீட்டு உரிமையாளர் கடலைமிட்டாய்ப் பட்டறை வைத்திருக்கிறார். தெருவுக்கே அவர் அண்ணாச்சி, எனக்கும் அப்படித்தான். வெல்லத்தைப் பனையோலைப் பாயில் கொட்டிப் பரப்பி வைப்பது அவருடைய அப்பா காலத்துப் பழக்கம். மரநாய்க்கு இனிப்பு என்றால் உயிர். ராத்திரி இறங்கி வந்து தின்பதோடு போனால் பரவாயில்லை, தின்ற இடத்திலேயே எச்சமும் இட்டுவிட்டுப் போகும். பாய் பாயாக வெல்லத்தை எடுத்துக் குப்பையில் கொட்டினார் பாவம்.

ஒரு நாள் காலையில் வந்து வாசலில் நின்றார். "தங்கச்சி, வெல்லத்துல மருந்தக் கலந்து வைக்கப் போறேன். நீங்க பூனைகீனைக்குச் சோறு வைக்குதீங்கன்னா அந்தப் பக்கம் விடாதீங்க."

"ஐயோ அண்ணாச்சி, வாயில்லாத ஜீவன். பாவமில்லையா?" என்றேன்.

"கொல்லணும்னு எனக்கு என்ன வேண்டுதலா? மிட்டாயில ஒரு முடி கெடந்தா கடைக்காரன் மூஞ்சியில எறிவான். நீங்களே ஒரு வழி சொல்லுங்க."

வழி என்னிடம் தயாராக இருந்தது. பிடித்துக் கொண்டுபோய் விட்டுவிடலாம். கொல்லவும் வேண்டாம், வெல்லமும் தப்பிக்கும். இத்தனை நல்ல யோசனை எனக்கு எப்படி வந்தது என்று நானே வியந்துகொண்டேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நோட்டீஸ் அடிக்க வந்த ஒரு வாடிக்கையாளர், "எங்க ஊர்ல பனங்காடு ஏகமா கெடக்கு, கொண்டு விடுங்க" என்று ஊர்ப் பெயரையும் கொடுத்தார். அவர் ஊரைவிட்டு வந்து கோவில்பட்டியில் குடியேறி எத்தனை காலம் ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. வெல்டிங் பட்டறையில் சொல்லிப் பெருச்சாளிக் கூண்டைப் போல இரண்டு மடங்கில் ஒன்று செய்து வாங்கினோம். உள்ளே வாழைப்பழமும் வெல்லமும் வைத்தோம். வெள்ளிக்கிழமை ராத்திரி வைத்தது, சனிக்கிழமை காலையில் பார்த்தால் உள்ளே இருந்தது.

நான் எதிர்பார்த்த மாதிரி அது சீறவில்லை, பாயவில்லை. மூலையில் சுருண்டு வாலுக்குள் முகத்தைப் புதைத்துக் கிடந்தது. பயந்த சுபாவம் போலிருக்கிறது, எனக்கு வேலை மிச்சம் என்று நினைத்துக்கொண்டேன். கூண்டின்மேல் கோணிச்சாக்கைப் போர்த்திக் கட்டினேன். கணவருக்கு அன்று சென்டரைப் பார்த்துக்கொள்ள வேண்டிய முறை, அதனால் தனியாகத்தான் கிளம்பினேன்.

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடி போகும் பேருந்துகள் எல்லாம் எப்போதும்வென்றானில் நிற்கும். ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. நான் ஏறியது ஏழரை மணி வண்டி. டிக்கெட் பதினோரு ரூபாய். கூண்டுக்கும் ஒரு டிக்கெட் எடுக்க வேண்டும் என்றார் நடத்துநர்.

"உள்ள என்ன, கோழியா?"

"அது மாதிரிதான்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய்விட்டார். ஆனால் மரநாய் தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. அதன் உடம்பிலிருந்து ஒரு மணம் வரும், அரிசி வேகிற மாதிரி. வண்டி எட்டயபுரம் தாண்டுவதற்குள் உள்ளே அந்த மணம் நிரம்பிவிட்டது. முன் இருக்கைக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். "யாரோ பிரியாணி கொண்டு போறாவ போல" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். காலைச் சாப்பாடு சாப்பிடாமல் ஏறிய முகம். நான் ஜன்னல் வழியாகக் கரிசல் காட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

சித்திரையில் இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பார்ப்பதற்குப் பச்சை எதையும் எதிர்பார்க்காதீர்கள். பருத்தியும் உளுந்தும் எடுத்து முடிந்த நிலம் கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். நிழல் என்று இருப்பது உடைமரமும் வேலிக்கருவையும்தான். குறைந்தது இரண்டு பாட்டில் தண்ணீர் கையில் வேண்டும். நான் எனக்கு ஒரு பாட்டில் எடுத்துப் போயிருந்தேன், கூண்டில் இருந்ததற்கு ஒன்றும் எடுக்கவில்லை.

எப்போதும்வென்றானில் இறங்கி ஓர் ஆட்டோ பிடித்தேன். உள்ளே ஐந்து கிலோமீட்டர், அறுபது ரூபாய். ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அடுத்த வாரமே உங்களில் யாராவது குரங்கைக் கொண்டுபோய் இறக்குவீர்கள். ஊர் எல்லையில் பாதைக்குக் குறுக்கே வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தது. ஆட்டோக்காரர் அங்கேயே என்னை இறக்கிவிட்டு, காசை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டார்.

தோரணத்துக்கு அந்தப் பக்கம் கொட்டகைக்குக் கால் நட்டுக்கொண்டிருந்தார்கள். இடுப்பில் செல்போன் உறையோடு ஒருவர் வந்தார். முருகேசன் என்று பெயர், அந்த வருஷ அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு அவர்தான் பொறுப்பு. நான் வாடிக்கையாளர் பெயரைச் சொல்லி, வந்த காரியத்தையும் சொன்னேன்.

"பனங்காடா?" என்றார். "அதுல பெரும்பங்க செங்கச்சூளைக்கு வெட்டிக் கொண்டு போயிட்டாங்களே. ஓடையோரம் ஒரு இருவது மரம் நிக்கும். அது கெடக்கட்டும், இப்ப விட முடியாது. காப்புக் கட்டியாச்சு."

கொடைக்கு எட்டு நாள் முன்பு அம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால், முடியும்வரை ஊர்க்காரர்கள் வெளியூரில் ராத்தங்க மாட்டார்கள். வெளியாட்கள் வந்தால் பொழுது அடைவதற்குள் போய்விட வேண்டும். தங்கிவிட்டால் கொடை முடியும்வரை அங்கேயேதான். இது எனக்கும் தெரிந்த வழக்கம்தான். ஆனால் மரநாய்க்கும் அது உண்டு என்று அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன்.

"நான் தங்க வரலையே, உடனே கிளம்பிடுவேன்" என்றேன்.

"நீங்க கெளம்பிருவீங்க. அது இங்கன தங்குமுல்லா? இந்த எட்டு நாளும் சந்தையில ஒரு ஆட்டுக்குட்டியக்கூட வாங்கியாந்து கட்ட மாட்டோம். புதுசா எதையும் குடி வைக்கக் கூடாது. காப்பு அவுத்த பெறகு கொண்டாங்க, பாப்போம்."

"அதுக்கு இதெல்லாம் தெரியுமா?" என்று சற்று எரிச்சலாகவே கேட்டுவிட்டேன்.

"அதுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியுமுல்லா" என்றார் அவர், கோபப்படாமல்.

அதற்குள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். அதில் பேச்சியம்மாள் என்று ஒரு பெண், ஆடு வைத்திருப்பவர், என் வயதுதான் இருக்கும். அவருக்குக் காப்பு ஒரு பொருட்டாகவே இல்லை. "காப்பு அவுத்தாலும் கொண்டாரப்படாது" என்றார். "போன மாசம் உங்க டவுன் ஆளுக வேன்ல நாய்களக் கொண்டாந்து ரோட்டோரம் இறக்கிட்டுப் போயிட்டாவ. அதுக பசிக்கு என் குட்டி ரெண்டக் கடிச்சுப் போட்டுட்டு. நாயையும் குத்தம் சொல்ல முடியாது, அது என்ன செய்யும்? இப்ப நீங்க இதத் தூக்கிட்டு வாரீங்க."

"இது நாய் இல்லம்மா. பழம் தின்கிறது" என்றேன்.

"எங்க ஊர்ல எங்கன பழம் இருக்கு, அதச் சொல்லுங்க. பழம் இல்லன்னா கோழியத்தான் பிடிக்கும். உங்களுக்கு ஆகாததெல்லாம் எங்களுக்கு மட்டும் எப்படி ஆகும்?"

எனக்கு மூக்கு உடைந்த மாதிரி ஆகிவிட்டது. இத்தனைக்கும் நான் நல்லது செய்ய வந்தவள் என்கிற நினைப்பில் இருந்தேன். விஷம் வைக்கப் போனவரைத் தடுத்தது யார், கூண்டுக்குக் காசு கொடுத்தது யார், வெயிலில் தூக்கிக்கொண்டு வந்தது யார்? கண்ணில் படாமல் போனால் போதும் என்று நானும் அந்த வேன்காரர்களும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறோம் என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. ஓடையோரமாகப் போய் யாருக்கும் தெரியாமல் கதவைத் திறந்துவிட்டால் என்ன என்றுகூட ஒரு யோசனை ஓடியது. கூண்டைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டி நிழலுக்கு வந்தேன்.

அந்தத் தொட்டிப் பக்கத்தில்தான் செல்போனுக்குச் சிக்னல் கிடைக்கும் போல. வந்து நின்றதும் மணி அடித்தது. என் கணவர்.

"விட்டுட்டியா?" என்றுதான் ஆரம்பித்தார்.

"இல்லை. இங்க ஒரே தகராறு."

"விடாதே. அப்படியே கொண்டா. மச்சுல குட்டி கத்துது."

எனக்கு முதலில் விளங்கவில்லை. காலையிலிருந்தே கீச்சுக்கீச்சென்று சத்தம் வந்ததாகவும், எலி என்று விட்டுவிட்டதாகவும், அண்ணாச்சி ஏணி போட்டு ஏறிப் பார்த்ததாகவும் சொன்னார். மூன்று குட்டிகள், உள்ளங்கை அளவு. "அண்ணாச்சி என்ன சொல்றார்?" என்றேன். அதுதான் எனக்குப் பயம். எடுத்து எறிந்துவிட்டால்?

"ஒண்ணும் சொல்லலை. மேல ஏறினவர் இறங்கவே மாட்டேங்காரு" என்றார். அதோடு சிக்னல் போய்விட்டது.

சாக்கை விலக்கிப் பார்த்தேன். அது அப்போதும் சுருண்டுதான் கிடந்தது. பேச்சியம்மாள் பின்னாலேயே வந்திருந்தார். ஒரு குச்சியால் அவர் மெதுவாகத் தட்டியதும் எழுந்து அடுத்த மூலைக்குப் போயிற்று. அப்போதுதான் வயிற்றைப் பார்த்தோம். முலைக்காம்பைச் சுற்றி மயிர் உதிர்ந்து, பால் கட்டித் தடித்து இருந்தது. பயந்த சுபாவம் என்று நான் நினைத்தது இதைத்தான்.

"பிள்ளக்காரியையா தூக்கிட்டு வந்தீங்க?" என்றார் பேச்சியம்மாள். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. அவர் ஓடிப்போய் ஒரு கொட்டாங்குச்சியில் தண்ணீரும் நாலு நுங்கும் கொண்டுவந்தார். நுங்கை அது தொடவில்லை, தண்ணீரை மட்டும் நாங்கள் தள்ளி நின்ற பிறகு நக்கி நக்கிக் குடித்தது. "வெயில் ஏறுது, நிக்காதீங்க. ஏலே முருகேசா, வண்டிய எடு" என்று கொட்டகைப் பக்கம் பார்த்துக் கத்தினார். சற்று முன் மரநாயை ஊருக்குள் விட மாட்டோம் என்று நின்ற அதே இருவர்தான்.

முருகேசன் டி.வி.எஸ். வண்டியில் முன்னால் கூண்டையும் பின்னால் என்னையும் வைத்து எப்போதும்வென்றான் விலக்கில், பேருந்து நிற்கும் இடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார். மத்தியானம் இரண்டு மணி வரை வந்த பேருந்துகளில் எல்லாம் முகூர்த்த நாள் கூட்டம், கூண்டை ஏற்ற மாட்டேன் என்றுவிட்டார்கள். கடைசியில் புதியம்புத்தூரிலிருந்து நைட்டி பண்டல் ஏற்றிக்கொண்டு கோவில்பட்டிக்குப் போன ஒரு சின்ன லோடு வண்டியை அவரே கை காட்டி நிறுத்தினார்.

ஓட்டுநர் கூண்டை மோந்து பார்த்துவிட்டுத் தயங்கினார். "துணிச் சரக்கு அண்ணே. வாசம் ஏறிக்கிட்டா பார்ட்டி திருப்பி விட்டுருவான்."

"சோத்து வாசந்தானவே. நைட்டி போடுத பொம்பளையாளுக அடுப்படியிலதான நிக்குதாவ" என்றார் முருகேசன்.

ஓட்டுநர் சிரித்துவிட்டார். சரக்கோடு வைக்காமல் முன்னால் என் கால் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னார். வழியில் எட்டயபுரத்தில் டீக்குக்கூட நிறுத்தவில்லை. நூறு ரூபாய் கொடுத்தேன், ஐம்பதை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தார். வழியெல்லாம் எனக்கு ஒரே நினைப்புதான். பால் குடிக்காமல் எத்தனை நேரம் தாங்கும்? ஓட்டுக்கு அடியில் அந்தச் சூட்டில் எத்தனை நேரம் தாங்கும்?

வீட்டுக்கு வந்தபோது மணி மூன்று தாண்டியிருந்தது. பட்டறையில் சத்தமே இல்லை, ஆட்களை மத்தியானமே அனுப்பிவிட்டிருந்தார் அண்ணாச்சி. ஏணி அப்படியே நின்றது. மேலே எட்டிப் பார்த்தால் மச்சுப் பலகையில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தார். சட்டை இல்லை, உடம்பெல்லாம் வியர்வை, கையில் பாகு கிளறுகிற துடுப்பு.

"கடுவன் பூனை ஒண்ணு ஓட்டு மேல சுத்திக்கிட்டே கெடந்து. இறங்கினா தூக்கிட்டுப் போயிரும். அதான் இருந்துட்டேன்" என்றார். "தாயக் கொண்டாந்துட்டீங்களா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. கொண்டுவந்துவிட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினேன். கூண்டை மேலே ஏற்றி, குட்டிகள் கிடந்த மூலையைப் பார்த்துக் கதவைத் திறந்து வைத்துவிட்டு இறங்கிவிட்டோம். அது வெளியே வரவில்லை. நாங்கள் மூன்று பேரும் பின்கட்டில் உட்கார்ந்திருந்தோம். குட்டிகளின் சத்தம் வரவரக் குறைந்துகொண்டே வந்தது. அது நல்லதா கெட்டதா என்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தெருவிளக்கு எரிந்த பிறகு மேலே பலகையில் காலடிச் சத்தம் கேட்டது. ஒரு தரம் மூன்றும் சேர்ந்து பலமாகக் கத்தின. அப்புறம் சத்தம் அடங்கிவிட்டது. காது கொடுத்துக் கேட்டால் பால் குடிக்கிற சத்தம்.

"குடிக்குது" என்றார் அண்ணாச்சி. எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தார். "நடக்கப் பழகுத வரைக்கும் கெடக்கட்டும். வெல்லத்த டிரம்ல போட்டு மூடிக்கிடுதேன்."

மூடி போட்ட தகர டிரம். இத்தனை கூத்துக்கும் வேண்டியிருந்தது அவ்வளவுதான். முதலிலேயே செய்திருக்கலாமே என்று கேட்க வாய் வரை வந்தது, கேட்கவில்லை. என் கூண்டைப் பற்றி அவரும் ஏதாவது கேட்பார். ஆனி மாதத்தில் குட்டிகள் தாயோடு மதில்மேல் நடப்பதை நானே பார்த்தேன். ஒரு நாள் மச்சைக் காலி செய்துவிட்டுத் தாமாகவே போய்விட்டன. உள்ளே ஒன்றும் இல்லை என்று இரண்டு தரம் பார்த்த பிறகு, அவை வந்துபோன உடைந்த ஓட்டை மாற்றினோம். கொடை முடிந்ததும் முருகேசனுக்குப் போன் செய்து சொன்னேன். பேச்சியம்மாளிடம் போனைக் கொடுத்தார். "மூணும் பிழைச்சுக்கிட்டா? அது போதும்" என்றார்.

இனி, நீங்கள் கிளம்புவதற்கு முன். சாமான்களை மூடி வைத்தால் தீருமா என்று முதலில் பாருங்கள், பெரும்பாலும் தீர்ந்துவிடும். மச்சில் சத்தம் கேட்டால் உடனே கூண்டைத் தேடாதீர்கள். நாலைந்து நாள் காது கொடுத்துக் கேளுங்கள், குட்டிச் சத்தம் தனியாகத் தெரியும். காட்டு உயிர்களை நாமாகப் பிடிப்பதும் கொண்டுபோவதும் சட்டப்படியும் தவறு, வனத்துறைக்குத்தான் சொல்ல வேண்டும். இது எனக்குத் திரும்பி வந்த பிறகுதான் தெரியும். ‘காட்டில் விடுகிறோம்’ என்று நீங்கள் நினைக்கிற இடத்தில் யாரோ ஆடு வைத்திருப்பார்கள், கோழி வைத்திருப்பார்கள். அவர்களை ஒரு வார்த்தை கேளுங்கள். எப்போதும்வென்றான் பக்கம் சும்மா சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் கார்த்திகை, மார்கழியில் போங்கள், கரிசல் அப்போது பச்சையாக இருக்கும்.

அந்த ஊர்க்காரர்கள் அன்று என்னிடம் "சரி, விட்டுட்டுப் போங்க" என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். ஓடையோரம் கூண்டைத் திறந்திருப்பேன். அது ஓடி மறைவதைப் படம் எடுத்திருப்பேன். மச்சில் மூன்று குட்டிகளும் செத்துப்போயிருக்கும். நான் அந்தப் படத்தை இங்கே போட்டு, ஓர் உயிரைக் காப்பாற்றிய பயணம் என்று எழுதியிருப்பேன். நீங்களும் கீழே பாராட்டிப் பின்னூட்டம் போட்டிருப்பீர்கள்.